எங்கட சங்க யாப்பில் ‘ஏனையோர்’

சிட்னியில், பரமட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் படிப்பிக்கிறன். வருஷா வருஷம் அமெரிக்க அரசியல் யாப்பு வரேக்க எனக்கு இரத்தம் கொதிக்கும். அடிமைகளை வைச்சிருந்த தென்மாநிலக்காரருக்குக் காங்கிரஸ் எண்ட பாராளுமன்றத்தில் கூடுதல் ஆசனம் வேணுமாம். அதுக்காக அடிமைகளையும் சனத்தொகையில் எண்ணச் சொன்னவை. வடக்கில் இருந்தவை ஏலாது எண்டினம். கடைசியில் பேரம் பேசி, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணுறதெண்டு முடிச்சினம். அந்த அடிமைக்கு வாக்கு? மருந்துக்கும் இல்லை. அதிலையும் பெரிய பகிடி, அந்த யாப்பில் அடிமை எண்ட சொல்லே கிடையாது. ‘ஏனைய ஆட்கள்’ எண்டு நாசூக்காக எழுதி வைச்சினம். “வெட்கங்கெட்ட சீவன்கள்!” எண்டு வகுப்பில் நான் கத்தாத வருஷமில்லை.

இப்பிடிக் கத்துற நான்தான் கிரவீனில் எங்கட தமிழ்ச் சங்கத்துக்கு யாப்பு எழுதினனான்.

அப்ப கொமிட்டியில் இதே இழுபறி. தற்காலிக விசாவில் இருக்கிறவையைச் சேர்த்தால்தான் அங்கத்தவர் தொகை கூடும், நகரசபை பெரிய மண்டபம் தரும். ஆனா வாக்குக் குடுத்தால் அவை கொமிட்டியைப் பிடிச்சிடுவினம் எண்டு பழைய ஆக்களுக்குப் பயம். செயலாளர் அண்ணை என்னட்டை வந்து, “பிள்ளை, ஒருத்தருக்கும் நோகாமல் ஒரு வசனம் போட்டுவிடும்” எண்டார். போட்டன். ‘முழு அங்கத்தவருக்கு வாக்குண்டு. ஏனையோர் எண்ணிக்கையில் சேர்க்கப்படுவர்.’ விசா எண்ட சொல்லே வராமல் வடிவா எழுதிக் குடுத்தன். படிச்ச கழுதை எனக்கு அப்ப ஒண்டும் உறைக்கேல்லை.

உறைக்க வைச்சவர் எங்கட விழாக்களுக்குச் சமைக்கிறவர். அகதியாப் படகில் வந்து பத்து வருஷத்துக்கு மேல. இன்னும் தற்காலிக விசாதான். தன்னைப் போல ஆக்களுக்கும் வாக்கு வேணுமெண்டு இந்த வருஷப் பொதுக்கூட்டத்துக்குக் கடிதம் குடுத்தார். “ரீச்சர், இந்த நாட்டில் ஓரிடத்திலையாவது கை தூக்கவேணும் போல கிடக்கு” எண்டார். நான் முன்மொழியிறன் எண்டு வாக்குக் குடுத்தன்.

எங்கட சனம் கூட்டத்துக்கா வரும்? சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும். யாப்பின்படி கூட்டம் தொடங்கவும் வாக்கெடுக்கவும் நாற்பது பேர் வேணும், இருந்தது முப்பத்தைந்து. செயலாளர் அண்ணை கொஞ்சமும் யோசிக்கேல்லை. “குசினியில் ஆறு பேர் நிக்கினம், கூப்பிடுங்கோ!” கையைத் துடைச்சுக்கொண்டு ஆறு பேரும் வந்து பின்வரிசைக் கதிரையளில் இருந்தினம். சமையல்காரரும்தான், ஆறு பேருமே ‘ஏனையோர்’. நாற்பத்தொண்டு. கூட்டம் தொடங்கியாச்சு.

நான் எழும்பி, அவையளுக்கும் வாக்கு வேணுமெண்டு முன்மொழிஞ்சு, அமெரிக்கக் கதையைச் சொன்னன். “இதென்ன, நாங்கள் அடிமை வியாபாரமே செய்யிறம்?” எண்டு அண்ணை பாய்ஞ்சார்.

“இல்லை. சங்கிலி போட்டு விற்கப்பட்ட சனத்தின்ர வேதனையோட இதை ஒப்பிட்டால் என்ர நாக்கு அழுகிப்போகும். ஆனா எண்ணுறதுக்கு ஆள், வாக்குக்கு ஆளில்லை எண்ட தந்திரம் அதேதான்.”

“அந்த வசனத்தை எழுதினது ஆர்? நீர்தானே?”

“ஓம், நான்தான்” எண்டன். சீ, எண்டிருந்தது.

“சரி, வாக்கெடுப்பம். பின்வரிசை ஆக்கள் கை தூக்கக்கூடாது” எண்டார் அண்ணை.

சமையல்காரர் எழும்பினார். “அப்ப நாங்கள் போட்டு வாறம்.” மற்ற ஐந்து பேரும் எழும்பிச்சினம்.

“ஐயோ, வாக்கெடுப்பு முடியுமட்டும் இருங்கோ!” அண்ணை பதறிப்போனார்.

“எங்களைக் கழிச்சுப்போட்டு எண்ணிப் பாருங்கோ அண்ணை.”

குசினிக்குப் போகேல்லை, வாசலால வெளியில போட்டினம். அண்ணை விரலை நீட்டி நீட்டி எண்ணத் தொடங்கினார். நானும் அவையளோட எழும்பிப் போயிருக்கவேணும். போகேல்லை. அவர் எண்ணின முப்பத்தைந்தில் ஒருத்தியாக அந்தக் கதிரையிலேயே இருந்தன்.