மிளகாயைக் குற்றம் சொன்னேன்

பெருமாட்டி கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் ரோஜா போட்டிருக்கிறேன். செடிக்கு என்ன கேடு என்று சொல்வதில் நான் தவறியதில்லை என்று இங்கே எனக்கொரு பேர் உண்டு. அதை நான் மறுத்ததும் இல்லை. சுருண்ட இலையைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். காபி ஆறுவதற்குள் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன்.

போன தை மாதம் என் மொட்டுகளே ஓரம் கருகின. ஒரு மொட்டை வெள்ளைத் தாளின்மேல் தட்டினேன். குருணையில் பாதிகூட இல்லாத மஞ்சள் பூச்சிகள் ஓடின. இலைப்பேன். மிளகாயிலும் அதே பூச்சிதான் விழும். கிழக்கே கிளுவை வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மிளகாய் வயல், காற்றும் அங்கிருந்துதான். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

வேலியோரம் நின்று அவளைக் கூப்பிட்டேன். "அம்மிணி, உன்ற மொளகாயிலிருந்துதான் பூச்சி வருது. அந்தச் செடி அங்க நிக்கற வரைக்கும் என்ற ரோசா தேறாது."

கல்யாணமாகி வந்து அவள் தன் பொறுப்பில் வைத்த முதல் பயிர் அது. அப்போதுதான் பூவெடுத்திருந்தது. "செரிங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

கிருஷிபவன் வேளாண் அதிகாரிக்கும் காட்டிவிடலாம் என்று தோட்டத்தைச் சுற்றிப் பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டைகள் கட்டினேன். எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, கையில் சான்று இருக்கட்டும் என்றுதான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், வேலியோர அட்டைகளில் தூசியும் இரண்டு கொசுவும். மேற்கு மூலை அட்டையில் பூச்சி அப்பி விரல் வைக்க இடமில்லை. அங்கே நிற்பவை மார்கழியில் நர்சரியிலிருந்து நான் வாங்கி வந்த செடிகள். புதுச் செடியை மூன்று வாரம் ஒதுக்கி வைத்துப் பார்த்துவிட்டு நடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், நிறத்தில் மயங்கி அன்றைக்கே நட்டிருந்தேன். கருகலும் அந்த மூலையில்தான் அதிகம். வேலிப் பக்கம் வர வரக் குறைவு. இத்தனை நாளும் அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஒரு மிளகாய் இலையைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பென்றால் தப்பென்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. வேலியைச் சுற்றிக்கொண்டு நேரே அவள் வயலுக்குப் போனேன்.

பாதி வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வெள்ளைப் பூவோடு வரப்பில் குவிந்திருந்தன. மீதியை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஓர் இலையை எடுத்துத் திருப்பினேன். சுத்தமாக இருந்தது.

"ஏன் அம்மிணி, ஒரு செடியாச்சும் பாத்துட்டுப் புடுங்கக் கூடாதா?"

"நீங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும். நான் எதுக்குப் பாக்கறது?"

பூச்சி வந்தது நான் வாங்கி வந்த செடியில், உன்னுடையதில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் கையிலிருந்த செடியைப் பிடுங்கிய குழியிலேயே வைத்து மண்ணை அணைத்தாள். பிறகு நிமிர்ந்து, "இது பொழைக்குமுங்களாக்கா?" என்று என்னையே கேட்டாள்.