மடாம் ஹானின் கஞ்சி

புரோசார்டில் ஒரு கொரியக் கடைக்குள் நுழைந்ததும், நல்லெண்ணெயும் குழைந்த அரிசியும் கலந்த வாசனை என்னை நாங்கள் முன்பு குடியிருந்த வில்லரேயில் மடாம் ஹான் நடத்திய, இப்போது இல்லாத சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோனது. அங்கே அம்மா பாத்திரம் கழுவினார். பள்ளி விட்டதும் நான், கிம்ச்சி புளிக்கும் மணத்துக்கும் கற்சட்டிகளில் சூப் கொதிக்கும் சத்தத்துக்கும் நடுவே, அடுப்படி மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடியும் தறுவாயில், அம்மாவின் தம்பியான என் மாமா வன்னியில் ஷெல் விழுந்து இறந்த செய்தி வந்தது. அம்மா அழவில்லை, சாப்பிடவுமில்லை. வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தார். ஒரு பின்னேரம் மடாம் ஹான் தண்ணீர்க் குழாயை மூடி, அம்மாவின் ஈரக் கைகளைத் துடைத்து, என் மேசைக்குக் கூட்டிவந்து, ஆவி பறக்கும் கிண்ணமொன்றை முன்னே வைத்தார்.

“ஜூக்,” என்றார்.

“என்ன பிள்ளை இது?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“கஞ்சியம்மா.”

அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். “கடைசி நாளில தம்பிக்கும் கஞ்சிதானாம் கிடைச்சது,” என்றவர் முதன்முறையாகக் குரலெடுத்து அழுதார். அந்தத் தமிழில் ஒரு சொல்லும் விளங்காத மடாம் ஹான், கிண்ணம் காலியாகும்வரை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.