அவன் கிளவுஸைப் போட்டு நான் நின்ற சீசன்

எங்கள் கிளப் ஜெயித்தது ஒரே ஒரு சீசன்தான். மாவட்ட லீக்கின் இரண்டாம் டிவிஷனில் கடைசி இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவே ஊசலாடுவதே எங்கள் வழக்கம். அந்த ஒரு வருடம் மட்டும் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பையை வாங்கி முதல் டிவிஷனுக்கு ஏறினோம். இன்றைக்கும் தேரடித் தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாராவது என்னை நிறுத்தி அதைப் பற்றிப் பேசுவார்கள். நான் கோல் போஸ்ட்டில் எப்படிப் பாய்ந்தேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கையை விரித்துக் காட்டுவார்கள். நான் லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நான் கோல்கீப்பரே கிடையாது. ஸ்டாப்பர் பேக். கீப்பருக்கு முன்னால் நின்று எதிரணிக்காரனை மறிப்பதுதான் என் வேலை. எங்கள் கீப்பர் என் கூட்டாளி. கீழ்பென்னாத்தூர் மண்டியில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். வீடு அடி அண்ணாமலையில். நான் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். எட்டு வருடம் அவன் பின்னால் நிற்க, நான் முன்னால் நின்று ஆடியிருக்கிறேன். அவன் முகத்தைவிடக் குரல்தான் எனக்கு நெருக்கம் என்று சொன்னால் தப்பில்லை.

கால்பந்து தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோலுக்கு முன்னால் உயரமாகப் பந்து வரும்போது, அதைப் பிடிக்கப் போகிற கோல்கீப்பர் "கீப்பர்" என்று கத்துவான். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவன் ஆட்கள் எல்லோரும் விலகிவிட வேண்டும். இரண்டு பேர் ஒரே பந்துக்கு எகிறினால் யாருக்காவது அடிபடும். அதற்காகத்தான் அந்தச் சொல்.

லீக் தொடங்குவதற்கு நான்கு நாள் இருந்த புதன்கிழமை. மற்றவர்கள் ஆறரைக்குத்தான் மைதானத்துக்கு வருவார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஐந்தரைக்கே போயிருந்தோம். சுவரில் அடித்துத் திரும்புகிற பந்தை மாறி மாறித் தலையால் முட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பந்து செங்குத்தாக மேலே போனது. பின்னாலிருந்து "கீப்பர்" என்றான். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் எகிறினேன். காரணம் என்று எதுவும் இல்லை. உடம்பு லேசாக இருந்த காலை அது. எனக்கு அந்தப் பந்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் முழங்கை அவன் காதுக்கு மேலே, பக்கவாட்டில் பட்டது. கட்டையில் தட்டினாற்போல் ஒரு சத்தம்.

கீழே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான். எனக்குக் காது செவிடா என்று திட்டினான். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது எழுந்து நின்று வழக்கம்போல் ஆடினான். அதைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

மறுநாள் காலை போன் செய்தான். அவன் மனைவி தையல் கடைக்கு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

"டேய், தலை கிர்ருன்னு இருக்குதுடா. ரெண்டு தபா வாந்தி வந்துட்டுது. பைக் எடுத்தினு வரியா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

நான் அப்போது விடுதியில் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வெயில் பித்தம்டா அது. மோரு குடிச்சிட்டுப் படு. ஆஸ்பத்திரிக்குப் போனா பத்து நாளு ரெஸ்ட் எடுன்னுவாங்க. ஞாயித்துக்கிழமை யாரு நிக்கறது?"

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவன் மனைவி வீட்டுக்கு வந்தபோது எழுப்ப முடியவில்லை. எனக்குத் தகவல் வந்து நான் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அவனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலையில் அடி ஏதாவது பட்டதா என்று டாக்டர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வேனின் பின்கதவு நெற்றியில் இடித்ததாக அவள் சொன்னாள். அந்தக் கதவின் கொக்கி உடைந்து பல மாதம் ஆகிறது, ஓனரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் நானும் ஏறினேன். போளூர் தாண்டியதும் அவன் மூச்சு மாறியது. வேலூரில் இறக்கியபோது ஒன்றும் மிச்சமில்லை.

தலைக்குள் ரத்தம் கட்டியதாகச் சொன்னார்கள். வேன் கதவு என்பது ஊர்ப்பேச்சாகி, பிறகு உண்மையாகவே ஆகிவிட்டது. காரியத்துக்கு மாலையோடு வந்த வேன் ஓனரை அவள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றதைப் பார்த்துக்கொண்டே நானும் பந்தலில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அணியில் ஒருவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறான். ஒரு நாள் அவனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அடி எப்படிப் பட்டது என்று முன்னாடியே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று. "எதுல அடிபட்டுதுங்கறது ஜாஸ்தி முக்கியம் இல்ல. எப்போ கூட்டினு வந்தாங்க, அதுதான்" என்று சொல்லிவிட்டு அவன் ஷூ கயிற்றைக் கட்டப் போய்விட்டான். காலையில் வந்த அந்த போன் அன்றிலிருந்து எனக்குத் தினமும் வந்துகொண்டிருந்தது.

முதல் மேட்சைத் தள்ளிவைத்தார்கள். இன்னொரு கீப்பர் எங்களிடம் இல்லை. கிளப்பை நடத்துகிறவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். நாங்கள் மாஸ்டர் என்போம். அவன் ஆட்டம் உனக்குத்தான் தெரியும், நீயே நில் என்று என்னிடம் சொன்னார். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அவன் மனைவி கிளவுஸைத் துவைத்துக் காயவைத்து, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

ஜெயிக்கத் தொடங்கினோம். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செய்யாறு அணியோடு ஆடியபோது ஒரு பெனால்டியைத் தடுத்தேன். அந்த ஆள் அடிக்கும் முன்பே நான் இடது பக்கம் விழுந்துவிட்டேன். பந்து என் கைக்கு வந்தது. வந்தவாசிக்காரர்களோடு ஆடியபோது கோல் கம்பத்தின் மூலைக்குப் போன பந்தை விரல் நுனியில் தள்ளினேன். ஆட்டம் தொடங்கும் முன் என் கூட்டாளி கம்பத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். மூன்றாவது மேட்சில் என் கை அதைச் செய்ததைப் பார்த்தேன். நிறுத்த முயன்றேன். அடுத்த மேட்சிலும் கை தானாகப் போனது. ஓரத்தில் நின்று பார்க்கிறவர்கள், அவனே உள்ளே நின்று ஆடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் கிளவுஸை இறுக்கிக்கொள்வேன்.

பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல நான். ஆனாலும் உயரமான பந்து வரும்போதெல்லாம் வலைக்குப் பின்னாலிருந்து "கீப்பர்" என்று ஒரு குரல் கேட்டது. வேகமாக, கொஞ்சம் மூக்கால், அவன் கூப்பிடுவது போலவே. அந்தக் குரல் கேட்டதும் நான் நின்றுவிடுவேன், புதன்கிழமை நிற்காமல் போனதற்கு ஈடு செய்கிறவன் மாதிரி. அரை விநாடிக்குப் பிறகுதான் பிடிக்க வேண்டியவன் நானே என்பது நினைவுக்கு வந்து எகிறுவேன். எகிறுவேனே தவிர, அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல வரவில்லை. கீப்பர் அவன். நான் எப்படி என்னை அப்படிக் கூப்பிட்டுக்கொள்வது?

இதனால் ஒரு நாள் விபரீதம் ஆகப் பார்த்தது. சீசனின் பாதியில், பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் ஊர் திரும்புகிற நேரம், பஸ்ஸில் இடம் கிடைக்காமல் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு கார்னர் பந்துக்கு நான் சத்தமில்லாமல் எகிற, என் இடத்தில் இப்போது ஆடுகிற ஸ்டாப்பரும் எகிறினான். என் முட்டி அவன் வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் எழுந்துவிட்டான், நான்தான் எழவில்லை. அவன் கையை இழுத்துத் திரும்ப உட்காரவைத்து, முகத்தைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலிருந்தே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். உதட்டுக்கு மட்டும் தையல் போட்டு அனுப்பினார்கள். எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். மாஸ்டர் மட்டும் தனியே கூப்பிட்டு, வாயில் என்ன கொழுக்கட்டையா, குரல் கொடு என்றார். தொண்டை சரியில்லை என்றேன்.

கடைசி மேட்ச் ஆரணிக்காரர்களோடு. டிரா ஆனாலே கோப்பை எங்களுக்கு. ஹாஃப் டைமுக்குப் பிறகு நாங்கள் ஒரு கோல் போட்டோம். நான் மலைப் பக்கத்துக் கோலில் நின்றிருந்தேன். கடைசி நிமிடங்களில் அவர்கள் ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு கார்னர் பந்து உயர்ந்து வந்தது. அதே ஸ்டாப்பர், தையல் போட்ட தழும்போடு, எனக்கு முன்னால் கால்களை மடக்கி எகிறத் தயாரானான். அவன் காதுக்கு மேலே இருந்த இடம் மட்டும் என் கண்ணில் பட்டது.

கத்தினேன். "கீப்பர்."

அவன் அப்படியே நின்றான். நட்டுவைத்த கல் மாதிரி நின்றான். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. நிற்பது அவ்வளவு சுலபம். பந்து என் கையில் இருந்தது. ரெஃபரி விசில் ஊதியதும் எல்லோரும் என் மேல் வந்து விழுந்தார்கள். நான் தரையில் குப்புறப் படுத்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று முதுகில் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் கோப்பையை எடுத்துக்கொண்டு எல்லோரும் அடி அண்ணாமலைக்கு அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி எல்லோருக்கும் ரஸ்னா கலக்கிக் கொடுத்தாள். கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "இதுல அவரு கையும் இருக்குதுண்ணா" என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பாதி டம்ளரோடு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் தனியாகப் போனேன். உட்காராமலேயே சொன்னேன். புதன்கிழமை, முழங்கை, அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, எல்லாவற்றையும். அவள் கையில் ஊக்கு வைக்காத ஒரு ஜாக்கெட் இருந்தது. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலையில உங்களுக்குத்தான் போன் பண்ணியிருந்தாரு. அவரு போன்ல பார்த்தேன். பிராக்டீஸ் விஷயமா இருக்கும்னு நெனச்சேன். இன்னா பேசினாரு?"

அதையும் சொன்னேன். மோர் குடித்துவிட்டுப் படு என்றதை, அப்படியே, அதே வார்த்தைகளில்.

அவள் ஜாக்கெட்டின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்களின் சத்தம் கேட்டு அடங்கியது.

"டாக்டரு கேட்டப்போ பின்னாடிதான நின்னுனு இருந்தீங்க" என்றாள்.

"ஆமா."

"அந்த மனுஷனை நான் வாசப்படி ஏற விடல. மாலையோட வந்தாரு." குரல் உயரவே இல்லை. "நீங்களே அவருகிட்டப் போய் சொல்லுங்க. நான் அப்பறம் போறேன். இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்கண்ணா."

கடைசியில் அந்த "அண்ணா" எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பழக்கத்தில் வந்திருக்கலாம்.

மறுநாள் கீழ்பென்னாத்தூர் போனேன். வேன் ஓனர் மண்டியில் இருந்தார். வேனை எப்போதோ விற்றுவிட்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தார். "கதவும் இடிச்சுதேப்பா. கொக்கியை நான் மாத்தலயே" என்றார். அவரை விடுவிக்கப் போயிருந்தேன். அவர் விடுபடத் தயாராக இல்லை. பிறகு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பினேன்.

மாஸ்டரிடமும் பையன்களிடமும் மைதானத்தில் வைத்துச் சொன்னேன். உதட்டில் தழும்புள்ள ஸ்டாப்பர் என் தோளில் கை வைத்தான். இரண்டு பேர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. கிளப்பை விட்டுப் போகிறேன் என்றதற்கு, அது உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். கிளவுஸை அவரிடம் கொடுத்தேன்.

அந்த வாரமே கோப்பையோடு அணியின் போட்டோ எடுத்து ஃபிரேம் போட இருந்தார்கள். அவனுடைய படத்தை நடுவில் நான் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. அவன் மனைவி மாஸ்டரிடம் சொல்லியனுப்பினாள்: படம் என் கையில் இருக்க வேண்டாம், ஆனால் நான் போட்டோவில் இருக்க வேண்டும்.

அப்படியே செய்தார்கள். கேப்டன் நடுவில் அவன் படத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பின்வரிசையில் வலது ஓரம் நான். கிளப் அறைச் சுவரில் அது மாட்டியிருக்கிறது. முதல் டிவிஷனில் அடுத்த வருடம் எல்லா மேட்சும் தோற்று மறுபடி கீழே இறங்கிவிட்டார்கள். எப்போதாவது அந்த வழியாகப் போகும்போது ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். வெயிலில் எடுத்த போட்டோ. மற்றவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் தலையை லேசாகத் திருப்பியிருக்கிறேன், பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி.