உத்தரத்தைக் கவ்விய கிளாம்ப்

வம்பு பேசுகிறவள் என்று எனக்குத் திண்டிவனத்தில் நல்ல பேர் உண்டு. இருக்கட்டும். இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்தது இல்லை. போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், என் கண்ணால் பார்த்தது.

எங்கள் மதிலை ஒட்டி வேங்கடேசனின் டிராக்டர் பட்டறை. கூரைக்கு அடியில் நீளமாக ஓர் இரும்பு உத்தரம். அதன் இரண்டு ஓரத்தையும் கவ்வுகிற மாதிரி பீம் கிளாம்ப் மாட்டி, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தூக்குவான். திங்கள் சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து ஒரு பழைய கிளாம்ப் வாங்கி வந்து மாட்டினான். அவன் மனைவி கலைப்பிரியா கத்தியது என் சமையலறை வரை கேட்டது. நான் மதிலோரம்தான் நின்றேன், அது வேறு விஷயம்.

“உத்தரம் அகலம். இதுக்கு வாய் பத்தலை, நுனியில தொத்திக்கினு இருக்குது. எத்தனை டன் தாங்கும்னு எழுத்துகூட இல்ல. இதுக்கு அடியில போய் நீ படுப்பியா?”

“எல்லாம் தாங்கும், போ.”

மறுநாள் மதியம் 2.40. சாப்பிட உட்கார்ந்தேன். குப்பென்று நாற்றம். செத்த எலி இல்லை. ஈரமான, இனிப்பான அழுகல்... சோற்றைத் தள்ளிவிட்டு, ஸ்டூல் போட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

எஞ்சின் தொங்கியது. அடியில் வேங்கடேசன் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் சொட்டு... சொட்டு... ஆயில் இல்லை. மஞ்சளாக, கோழை மாதிரி.

மேலே பார்த்தேன்.

கிளாம்ப் நெளிந்தது.

விரல்கள். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் நாலு. நகம் கறுத்து, தோல் வழன்று, உத்தரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. மணிக்கட்டோடு சரி. அதற்குக் கீழே செயின்.



ஒரு விரல் விட்டது.

இன்னொன்று...

“வேங்கடேசா! வெளிய வாடா!”

“இன்னாக்கா, இங்கயும் மூக்கை நீட்டணுமா?”

சண்டை போடத்தான் எழுந்து வந்தான்.

ணங்!

மணி 2.47. அவன் படுத்திருந்த இடத்தில் எஞ்சின் கிடந்தது. செயின் பிளாக்கும் கிடந்தது. கிளாம்பைக் காணோம். உத்தரத்தில் மட்டும் எட்டு விரல் தடம், கொழகொழவென்று.

நாலு மணிக்குக் கலைப்பிரியா காலிப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டவள் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

“அதை நான் காலையிலயே கழட்டி, விழுப்புரம் கடையில குடுத்துட்டேன்கா. இவருக்குத் தெரியாது.”

“மதியம் நான் கொக்கி மாட்டறப்போ மேல இருந்துச்சே...” என்றான் வேங்கடேசன்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கடைக்காரரு சொன்னாரு... முன்ன வெச்சிருந்தவரு கை ரெண்டும் அதுல மாட்டிக்கிச்சாம். உடம்புதான் கீழ வந்துச்சாம்கா. கையி... கெடைக்கவே இல்லையாம்.”