கிழக்குச் சில்லும் மேற்குச் சில்லும்

சில்லுக்குக் கம்பி இழுக்கிறவனுக்குக் கண் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, காது மங்கக் கூடாது. சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்கள், வைத்திருந்து கைவிட்டவர்கள், கோணின சில்லை மழைக்குள்ளே உருட்டிக்கொண்டு வந்து என் போன்றவர்களைத் திட்டினவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடு விளங்கும். வேலணையில் ஒரு சின்னக் கடையில் இருந்துகொண்டு இவ்வளவு காலமும் சைக்கிள் சில்லோடு மாரடித்தவன் நான். போன வருசம் ஒரு இத்தாலிக் கார் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

விலை சொல்லும்

இறுப்பிட்டியில் இருந்து பரமேசக்கா ஓட்டோவில் வந்து இறங்கினா. என்னைவிட மூத்தவ. அவவின் ஐயா தென்னிலங்கையில் கடை வைத்திருந்த காலத்தில் ஊருக்கு ஒரு குட்டி இத்தாலிக் கார் கொண்டுவந்தவர். இரும்புத் தட்டுச் சில்லு இல்லை, சைக்கிளைப் போலக் கம்பிச் சில்லு. சண்டைக்குப் பயந்து ஊர் இடம்பெயரும்போது மனுசன் நாலு சில்லையும் கழற்றி, சுறா எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றிப் புகையிலைக் குடிலுக்குள்ளே ஒளித்துவிட்டார். கார் கொட்டிலுக்குள்ளே பனங்குற்றிகளுக்கு மேலே ஏறி நின்றுவிட்டது. இப்போது ஐயாவும் இல்லை. கனடாவில் இருக்கிற தம்பி குகன், "கொழும்பில இருந்து ஒருத்தர் வாறார், அவருக்குச் சில்லு மட்டும்தான் வேணுமாம், குடுத்திட்டு மிச்சத்தை இரும்புக்குப் போடு" என்று சொல்லிவிட்டான். அக்கா அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தா: வாங்கிற ஆள் வாற அன்றைக்குக் கார் தன் சில்லில் ஓடினால் விற்பனை இல்லை. ஓடாவிட்டால் தம்பி சொன்னபடி. அவ கார் ஓடப் பழகினதே அந்தக் காரில்தான்.

குடிலுக்குள்ளே போய்ச் சாக்கை அவிழ்த்தேன். கிடுகு ஓட்டைகளால் விழுந்த வெய்யில் கம்பி கம்பியாக நின்றது. எது வெய்யில், எது சில்லுக் கம்பி என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனனான். இளகின கம்பி செத்த சத்தம் போடும், துருப்பிடித்தது கரகரக்கும். இதுகளோ, ஆரோ தூரத்தில் நின்று ஒரே மூச்சில் ராகம் இழுக்கிற மாதிரி. தட்டுவதை நிறுத்தவே மனம் வரவில்லை.

"என்ன பெறும்?" என்று அக்கா கேட்டா.

"ஒரு கம்பிகூடப் பொய் சொல்லேல்லை அக்கா. இது பெரிய விலை போற சாமான்."

அவ சாக்கை மறுபடி மூடினா. "அப்ப அதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். முதல் காரில பூட்டும்."

எண்ணெய் மணம்

சுறா எண்ணெய் இரும்பைக் காப்பாற்றும், மனுசனைக் காப்பாற்றாது. மண்ணெண்ணெய் போட்டு, சவர்க்காரம் போட்டு, எலுமிச்சங்காய் தேய்த்து எல்லாம் பார்த்தாயிற்று. சில்லு பளபளத்தது, நான்தான் மணத்தேன். கம்பி முனை ரியூப்பைக் குத்தாமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளே சுற்றிவிட்டு, புது ரயரும் ஏற்றிவிட்டு, பின்னேர பஸ்ஸில் வேலணைக்கு ஏறினேன். கையில் கம்பி முறுக்கிற சாவி மட்டும்தான். கண்ணை மூடினால் கம்பிகள் சுற்றுகின்றன, கடலை அறுத்துப் போகிற தாம்போதி றோட்டின் இரண்டு பக்கமும் கடல் சுற்றுகிறது. அந்தச் சுகத்தில் இருந்தவனைக் கொண்டக்டர் தட்டி எழுப்பினான்.

"அண்ணை, மீன்பெட்டி எங்கை? பின்னால கொண்டுபோய் வையுங்கோ."

வள்ளத்து எஞ்சின்காரன்

எஞ்சின் வேலைக்கு அல்லைப்பிட்டி அந்தோனி வந்தான். கடலுக்குப் போகிறவன், வள்ளத்து எஞ்சின் எல்லாம் அவன் கைக்குப் பேசும். பரமேசக்காவின் குடும்பத்துக்குப் பழைய பழக்கம். கொட்டில் கூரை இறங்கின நேரம் சில்லில்லாத காரை வள்ளம் மாதிரிக் குற்றியில் உருட்டிப் புதுக் கொட்டிலுக்கு இழுத்துவிட்டதும் அவனும் அவன் ஆட்களும்தான். எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி, மறுபடி பூட்டி, ஒரு நாள் மத்தியானம் முறுக்கினான். கார் இருமியது, தும்மியது, பிறகு கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஒரு சீரான சத்தத்துக்கு வந்தது. வேலியில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் போயிற்று. பரமேசக்கா குசினி வாசலில் அகப்பையோடு நின்றா, உள்ளே கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தும் அவ அசையவில்லை.

"இனி ஓடுமோ அந்தோனி?" என்று கேட்டேன்.

"கடலில விட்டால் மண்டைதீவு மட்டுக்கும் போகும் அண்ணை. றோட்டைப் பற்றி என்னைக் கேக்காதை."

கொளுவாத சுரை

அந்தச் சில்லுக்குச் சைக்கிளைப் போல இரண்டு பக்கமும் சுரை, அதுதான் நட்டு, இல்லை. நடுவில் ஒரே ஒரு பெரிய சுரை, இரண்டு காது வைத்தது. காதில் தட்டித்தான் இறுக்க வேண்டும். ஐயா கெட்டிக்காரர், எது எந்தப் பக்கத்துச் சுரை என்று மாறாமல் இருக்க இரண்டில் 'கி' என்றும் இரண்டில் 'மே' என்றும் பெயின்றால் எழுதி வைத்திருந்தார். கிழக்கும் மேற்கும். எங்கள் பக்கத்தில் சோற்றுக் கோப்பையைக்கூட "கொஞ்சம் மேற்கால தள்ளி வை" என்றுதான் சொல்வோம், அதனால் எனக்கு அதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

கொழும்புக்காரர் ரமணன் வந்த காலமைதான் பூட்டத் தொடங்கினோம். நல்ல மனுசன், வந்தவுடனே போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு என்னோடு நிலத்தில் குந்தினார். கிழக்குச் சுரையைக் கிழக்குப் பக்கம் வைத்தேன். கொளுவவில்லை. மேற்குச் சுரையை மேற்கில் வைத்தேன். அதுவும் புரி பிடிக்காமல் வழுகியது. எண்ணெய் போட்டோம், துடைத்தோம், மறுபடி எண்ணெய் போட்டோம். அந்தோனி சுத்தியலை எடுத்தான். அடித்து ஏற்றினால் புரி செத்துவிடும் என்று தடுத்தேன்.

ரமணன் மெல்ல எழும்பினார். "உப்புக்காத்தில புரி போயிட்டுது போல அம்மா. நான் சில்லை மட்டும் எடுக்கிறன். எனக்கும் கவலைதான்."

பரமேசக்கா காருக்குக் கிட்டப் போனா. கதவைத் திறந்து, ஓட்டுகிற கதிரையில் ஏறி இருந்தா. கடைசியாக ஒருக்கால் இருந்துவிட்டு இறங்கப் போறா என்று நாங்கள் முகத்தைத் திருப்பினோம். காலமை வெய்யில் கொட்டிலுக்குள்ளே சரிந்து விழுந்தது. அவ ஸ்ரியறிங்கில் கை வைத்து, கண்ணை மூடி, நல்ல நேரம் அப்படியே இருந்தா. நித்திரையாகிவிட்டாவோ என்றுகூட நினைத்தேன். பிறகு கன்னத்தைத் தடவினா.

"ஐயா காலமையிலதான் எனக்குப் பழக்கிறவர். காரில ஏறி இருந்த உடன வெய்யில் வலக்கன்னத்தில சுடும். இண்டைக்கு இடக்கன்னத்தில சுடுதே. ஆர் காரைத் திருப்பினது?"

எனக்கு நெஞ்சுக்குள்ளே ஒரு கம்பி தெறித்தது. சைக்கிள் பெடலில் இடதுக்கும் வலதுக்கும் புரி எதிர்எதிராக இருக்கும், ஓட ஓடக் கழராமல் இருக்க. இதுவும் அப்படித்தான். ஐயா எழுதின நாளில் கார் வடக்கைப் பார்த்து நின்றது. இப்போது தெற்கை, கடலைப் பார்த்து நிற்கிறது. அவருடைய கிழக்கு இப்போது மேற்கு.

எல்லாரும் அந்தோனியைப் பார்த்தோம். அவன் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"வள்ளத்தைக் கரைக்கு இழுத்தால் முகம் கடலைப் பாத்துத்தான் நிக்கவேணும் அக்கா. நாங்கள் காரையும் அப்பிடித்தான் விட்டனாங்கள்."

தாம்போதி

சுரைகளைப் பக்கம் மாற்றினோம். விரலால் சுற்றவே வெண்ணெய் மாதிரி ஏறின. காதில் பூவரசந் துண்டு வைத்துத் தட்டி இறுக்கினேன். பரமேசக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. பக்கத்தில் ரமணன், பின்னால் மடங்கிக்கொண்டு நானும் அந்தோனியும்.

மடத்துவெளி தாண்டித் தாம்போதியில் ஏறினபோது கடல் இரண்டு பக்கமும் அசையாமல் கிடந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை, வலைக்கு நட்ட தடிகள் ஆகாயத்தில் நட்ட மாதிரி நின்றன. நான் யன்னலால் தலையை நீட்டிப் பின்சில்லைப் பார்த்தேன். கம்பி ஒன்றும் இல்லை. றிம்முக்குள்ளே வெறும் வெளிச்சம்தான் சுற்றியது, வெளிச்சத்தின் மேல் கார் போனது. குடிலுக்குள்ளே நான் கேட்ட அந்த இழுத்த ராகம் இப்போது காற்றோடு சேர்ந்து வந்தது. அந்தோனி சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் குகன் ரமணனுக்குப் போன் எடுத்தான். "சில்லைப் பாத்தீங்களோ? என்ன பெறுமாம்?" ரமணன் வாய் திறக்க முன்னம் அக்கா சொன்னா, "போனை வெளியில பிடியும் தம்பி. அவன் கேக்கட்டும்."

ரமணன் கையை நீட்டிப் பிடித்தார். தாம்போதி முடியுமட்டும் கை உள்ளே வரவில்லை. பிறகு அவர் போனை உள்ளே எடுத்து எல்லாருக்கும் கேட்கப் பிடித்தார். குகனின் பேச்சு ஒரு சின்னப் பெடியனின் குரல் மாதிரி வந்தது.

"அக்கா, மெல்லப் போ. ஐயா காணப்போறார்."

கார் இன்றைக்கும் இறுப்பிட்டியில் அந்தோனி விட்டபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நானோ இப்போது ஆர் வந்து சில்லுக்கு விலை கேட்டாலும் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று முதலில் விசாரித்து, ஊருக்குள்ளே அரைப் பைத்தியம் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.