நாற்பது குங்குமச் சிமிழ்கள்

பீளமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ராமாமணி அக்கா முப்பது வருடம் மில்லில் நூலின் தரம் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவார் என்று பார்த்தால், முன்னறையை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. அதற்குள் ஒன்றரை அடி நீளத்தில் ஓர் அரோவானா மீன். உயிருள்ள புழுவைத் தவிர எதையும் தொடாது. கடைத் தீவனத்தைப் போட்டால் துப்பும், இறாலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அத்தனை திமிர். அக்கா அதை ராசா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்தில் புழு விற்ற ஒரே ஆளான நஞ்சுண்டன் ஆவணிக் கடைசியில் கடையை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கடைசியாக நூறு சூப்பர்வார்ம் புழுக்களைக் கொடுத்து, அவற்றைப் பெருக்கும் வழியும் சொன்னார். கூட்டமாக இருக்கும் வரை அவை புழுவாகவே இருக்குமாம். தனித்தனியாக அடைத்தால்தான் சுருண்டு, கூட்டுப்புழுவாகி, வண்டாகி முட்டை போடுமாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்று அறுபதை மீனுக்கு ஒதுக்கினார் அக்கா. நாற்பதை வளர்ப்புக்கு வைத்தார். நான்கு மாதத்தில் வீட்டிலேயே புழு பிறந்து வளராவிட்டால் ராசா பட்டினிதான்.

நாற்பது சின்னப் பெட்டிக்கு எங்கே போவது? மகள் பூஜிதாவின் கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டது போக மிஞ்சிய குங்குமச் சிமிழ்கள் பரணில் இருந்தன. மூடியில் ஊசியால் துளை போட்டு, ஆளுக்கொரு வீடாகக் கொடுத்தார்.

பதினைந்து நாளாகியும் ஒன்றுகூடச் சுருளவில்லை. அரைத் தீனியில் மீன் இளைத்தது.

பதினாறாம் நாள் காலையில் மதிலுக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. "அம்மணி, வெரசா வாங்க." ஓடினேன். மிக்ஸிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு சிமிழைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று கூட்டுப்புழு. தொட்டதும் வாலை ஆட்டியது. இது மட்டும் எப்படி என்று மற்ற சிமிழ்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் புத்தம் புதிதாக ஒரு கேரட் துண்டு.

"நம்மூட்டுக்கு வந்த உசுரைப் பட்டினி போடலாமுங்களா? காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி தெனமும் வெச்சுப்போடுவேன்," என்றார்.

கூரியர் கொண்டு வருகிறவரையே சாப்பிட்டுப் போகச் சொல்லும் ஊர் இது. இந்தத் தப்பு இங்கே நடக்காமல் வேறெங்கே நடக்கும்? நஞ்சுண்டனுக்குப் போன் போட்டேன். பட்டினி கிடந்தால்தான் உருமாறும், இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று சலித்துக்கொண்டார்.

அக்கா ஒப்பவே இல்லை. அது புரட்டாசி மாதம், சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு விரதம் இருப்பவர். அவையும் விரதம் இருக்கட்டுமே என்றேன். அதன் பிறகுதான் முப்பத்தொன்பது துண்டுகளையும் எடுத்தார். அன்று திங்கட்கிழமை. ஆனாலும் மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே சுருள ஆரம்பித்தன. ஐப்பசியில் வண்டுகள் வெளிவந்தன. கோதுமைத் தவிட்டில் விட்டார். கார்த்திகையில் தவிட்டை அள்ளினால் நூலிழை போலக் குஞ்சுப் புழுக்கள் நெளிந்தன. "இங்க ஒண்ணு, அங்க ரெண்டு" என்று இருவரும் குழந்தைகள் மாதிரி கூவினோம்.

மார்கழியில் அறுபதும் தீர்ந்தன. குஞ்சுகள் இன்னும் வளரவில்லை. பத்து நாள் ராசா ஒன்றும் தின்னாமல் தொட்டியின் அடியில் கிடந்தது. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

தை பிறந்ததும், இருப்பதிலேயே கொழுத்த ஒரு புழுவைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன் நின்றார். முட்டையிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தது.

"போயிட்டு வா, கண்ணு," என்றார் அந்தப் புழுவிடம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கவிழ்த்தார்.

மீன் விருட்டென்று மேலே பாய்ந்தது. தண்ணீர் தெறித்து அக்காவின் புடவை நனைந்தது. கண்ணைத் திறந்தவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி வாயைப் பிளந்தது.

"இன்னொண்ணு கேக்குதுங்க," என்று தவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எடுத்துப் போடுங்க அம்மணி. எனக்குக் கை வரமாட்டேங்குது."