கோட்டுக்குக் கீழே படிக்காதவர்

தேர்வு அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் விடைக்குறிப்பு. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் விடைக்குறிப்பு. இருபத்திரண்டு வருடமாக மொழிப் பிரிவில் அவருக்கு ஒரே வேலைதான். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சிறு பத்திகளைப் பொறுக்கி எடுப்பார். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கேள்வி வைப்பார். ஆசிரியரின் நோக்கம் என்ன? ஆசிரியரின் பார்வை எத்தகையது? நோக்கத்துக்கு எப்போதும் அதே நாலு விடைகள்: தெரிவித்தல், விளக்குதல், இணங்க வைத்தல், மகிழ்வித்தல். மனிதர்கள் இதுவரை எழுதியதும் இனி எழுதப்போவதும் இந்த நாலு டப்பாவுக்குள் அடங்கியாக வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். அடங்காத பத்தி ஏதாவது வந்தால் தப்பு பத்தியின் மேல்தான்.

வேலை நடக்கும் அறையைச் சொல்ல வேண்டும். ரகசியம் காக்க ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். உள்ளே போகும்போது கைப்பேசியை வாசலில் இருக்கும் மர அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஒட்டுக்காரர் என்று ஒருவர் கத்தரிக்கோலும் பசை டப்பாவுமாக உட்கார்ந்திருப்பார். பத்திரிகைகளைப் புரட்டி, தோதான துண்டுகளை வெட்டி, எழுதியவர் பெயரைத் தனியாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தாளில் ஒட்டித் தருவது அவர் பொறுப்பு. பெயர் தெரிந்தால் மனம் சாய்ந்துவிடுமாம். பத்தி ஐம்பது சொல்லைத் தாண்டக்கூடாது என்பது விதி. விடைக்குறிப்பு சிவப்புப் பென்சிலால் சொற்களை எண்ணிக்கொண்டே வருவார். ஐம்பதுக்குள் வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்குக் கீழே ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டார். "பையனுக்குத் தெரியாதது எனக்கும் தெரியக்கூடாது" என்பார். இதை ஒரு பெரிய நேர்மையாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நேர்மைதான், யார் இல்லையென்றது?

வினை என்னவென்றால், அந்தச் சிவப்புப் பென்சிலை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். மனைவி பேச ஆரம்பித்தால் முதல் இரண்டு வாக்கியம் கேட்பார். பிறகு மனதுக்குள் கோடு விழுந்துவிடும். "இது அனுதாபம் தேடுறது" என்பார், அல்லது "சுத்தி வளைச்சு என்னைச் சம்மதிக்க வைக்கப் பாக்குற" என்பார். தெருமுனைக் கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து வைத்து வரி விடாமல் படிக்கிற மனிதர், மனைவி கைப்பட எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அச்சில் வந்தால்தான் அவருக்கு எழுத்து. கல்யாணமாகிப் போன மகள் இந்தச் சங்கதி புரிந்துகொண்டு அம்மாவிடம் மட்டும்தான் போன் பேசுவாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். கண்ணுக்குத் தெரியாததையும் கண்ணாடிக்கடியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்து எழுதுகிற வேலை. அவருக்கு ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருந்த ஓர் ஊரில், புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. ஐம்பத்து மூன்று வயதில் யாருக்குக் கிடைக்கும்? வீட்டுக்காரர் ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். தான் முன்னால் போவது, அவர் பின்னால் வருவது. கணக்கு நேராக இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டியதுதான் பாக்கி.

முதல் தடவை சாப்பிடும்போது கேட்டார். "ஏங்க, அந்த வேலை எனக்குக் கிடைச்சிருச்சு. நான் முன்னாடி போறேன். ரிட்டயர் ஆனதும் நீங்களும் வர்றீங்களா?"

"பாராட்டு எதிர்பாக்குற. பாராட்டுறேன்" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டாம் தடவை துணி மடிக்கும்போது. "உண்மையாவே கேக்குறேங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"உண்மையாவேன்னு ஆரம்பிச்சாலே அது இணங்க வைக்கிற நோக்கம்தான். இதுல நான் ஏமாற மாட்டேன்."

மூன்றாம் தடவை, ஒழுகுகிற குளியலறைக் குழாய்க்கடியில் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்டார். "ஒரே ஒரு கேள்விதான். வர்றேன், வரல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும்."

"இப்ப மிரட்டல்ல இறங்கிட்ட" என்றார். அவருக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. ஒரே கேள்வியில் மூன்று நோக்கத்தைக் கண்டுபிடித்தவர் அவராகத்தான் இருக்கும்.

அதற்கு மேலும் ஒரு மனுஷி என்ன செய்வாள்? வீட்டுக்காரர் அச்சில் வந்தால்தான் படிப்பார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். உட்கார்ந்து எழுதினார். வாரப் பத்திரிகையில் வாசகர் பக்கத்துக்கு அனுப்பினார். அவர்களும் போட்டார்கள், கீழே பெயரோடு. பத்திரிகை நேராக ஒட்டுக்காரர் மேசைக்குப் போனது. பெயர் குப்பைக்குப் போனது. மிச்சம் விடைக்குறிப்பின் கைக்கு வந்தது:

'எங்கள் வீட்டில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். நான் வாயைத் திறந்தால் போதும், பேசி முடிப்பதற்குள் அது எந்த வகை என்று சொல்லிவிடுவார். குழாய் ஒழுகுகிறது என்றால் புகார் என்பார். தலை வலிக்கிறது என்றால் அனுதாபம் தேடுகிறாய் என்பார். பேசாமல் இருந்தால் மறைமுகக் கண்டனம் என்பார். குழாய் இன்றுவரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது என்ன நோக்கத்தோடு ஒழுகுகிறது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.'

நாற்பத்தாறு சொல். அடுத்த வாக்கியத்தைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டிவிடும். கோடு கிழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒட்டுக்காரர் இருபது வருடத்தில் அவர் சிரித்துப் பார்த்ததில்லை, பயந்துபோய் எழுந்து வந்தார்.

"இந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க பாரு" என்று தாளைத் தட்டிக் காட்டினார் விடைக்குறிப்பு. "பாவம் அந்தம்மா. ஆனா புருஷன் மேல உயிரு. எழுத்துலயே தெரியுது."

வினா எண் பதினான்கு: ஆசிரியரின் நோக்கம் என்ன? விடை: மகிழ்வித்தல். வினா எண் பதினைந்து: ஆசிரியர் அந்த மனிதரை எப்படிப் பார்க்கிறார்? கோபமாக, அச்சத்தோடு, பொறாமையோடு, செல்லமாக. விடை: செல்லமாக. தன் வீட்டுக் குழாயின் ஞாபகம் அவருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர் முகத்தில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கை மட்டும் எல்லோருக்கும் எப்படித்தான் தெரிகிறதோ.

அந்த வாரம் முழுக்க மனைவி காத்திருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்.

"இந்த வாரப் பத்திரிகை பாத்தீங்களா?"

"ஆபீஸ்ல பாத்தேன்."

"வாசகர் பக்கம்?"

அவர் முகம் மலர்ந்தது. "படிச்சேனே. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. விழுந்து விழுந்து சிரிச்சேன்."

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். "சிரிச்சீங்களா?"

"நல்ல நகைச்சுவை. அதுக்கு மேல என்னைக் கேக்காத. அது ரகசியமாயிருச்சு."

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"தேவையான வரைக்கும் படிச்சேன்" என்று தட்டை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

அன்றைக்கே பரணிலிருந்து பெட்டி இறங்கியது. பழைய துணி ஒதுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

தேர்வு நடந்தது. விடைகள் வெளியாயின. யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் எழுதித் தரலாம், கேள்வி வைத்தவரே பதில் எழுத வேண்டும் என்பது நடைமுறை. இங்கேயும் மனம் சாயாமலிருக்க பெயரை நறுக்கிவிட்டு எண் மட்டும் போடுவார்கள். பத்தாம் தேதி சனிக்கிழமை ஆட்சேபங்களைப் பார்க்க வைத்திருந்தார்கள். காலையில் அவர் செருப்பு மாட்டும்போது மனைவி வாசலில் வந்து நின்றார். "பதினொண்ணேகாலுக்கு பஸ். கிளம்புறேன்."

"நாடக பாணி" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்சேப எண் பதினேழு அவரை எரிச்சலூட்டியது. 'வினா பதினான்கு, பதினைந்து இரண்டிலும் வெளியிட்ட விடை தவறு. சரியான விடை நாலிலுமே இல்லை. ஆதாரம்: எழுதியது நான். முழுவதையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து கோட்டுக்குக் கீழேயும் படிக்கவும்.'

"திமிரப் பாத்தியா?" என்றார் ஒட்டுக்காரரிடம். இணைப்பைத் தொடவே இல்லை. மணி மணியான கையெழுத்தில் எழுதினார்: 'நிராகரிக்கப்படுகிறது. தன் நோக்கத்தைப் பற்றி ஆசிரியரே கூறுவது ஆதாரமாகாது. பத்திக்கு வெளியே உள்ளவை கணக்கில் கொள்ளப்படா.' இருபத்திரண்டு வருட அனுபவம் இரண்டு வரியில் வந்து உட்கார்ந்த திருப்தி அவருக்கு.

அதில் பிரிவு அதிகாரியம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மா வேலைக்குப் புதிது. புதிதாக வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் படித்துத் தொலைக்கும் கெட்ட பழக்கம் உண்டு. இணைப்பைப் பிரித்தார். படித்தார். பத்திரிகைப் பக்கத்தின் கீழே நறுக்காமல் விட்டிருந்த பெயரைப் பார்த்தார். தலையைத் தூக்கி விடைக்குறிப்பைப் பார்த்தார்.

"சார், உங்க வீட்ல குழாய் ஒழுகுதா?"

"ஒழுகுது மேடம். எல்லார் வீட்லயும்தான்..."

"உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரில லேப்ல இருக்காங்கதானே?"

அதிகாரியம்மா அடிக்குரலில், கோட்டுக்குக் கீழே இருந்ததை வாசித்தார்: 'இதை யாரையும் சிரிக்கவைப்பதற்காக நான் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து பன்னிரண்டாம் தேதி வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். பத்தாம் தேதி கிளம்புகிறேன். நீங்களும் வருகிறீர்களா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கேள்விக்கு வகை சொன்னீர்கள், பதில் சொல்லவில்லை. அச்சில் வந்தால் படிப்பீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன். வருகிறீர்களா?'

ஒட்டுக்காரர் கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

தெரிவித்தல் அல்ல, விளக்குதல் அல்ல, இணங்க வைத்தல் அல்ல, மகிழ்வித்தல் அல்ல. கேட்பது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தோன்றவில்லை. நாலு டப்பாவில் ஐந்தாவதாக ஒன்று வைக்க இடமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

"அடிச்சிடுங்க மேடம், நான் எழுதினதை" என்றார். "பதினாலு, பதினஞ்சு, ரெண்டுக்கும் எல்லாருக்கும் மார்க் குடுத்துடலாம்." சொல்லிவிட்டு எழுந்தார். கதவை இழுத்துத் திறக்க வேண்டியதைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு வாசல் அலமாரிக்கு ஓடினார். கைப்பேசியில் மனைவியின் அழைப்பு ஒன்று இருந்தது. நேரம் பதினொன்று பத்து.

வீட்டுக்கு வந்தார். ஹாலில் ஒன்றும் கலையவில்லை. அலமாரியில் அவள் பக்கம் மட்டும் காலி. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அடியில் அதே வாளி. ஃபிரிட்ஜில் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. பால்காரரிடம் சொல்ல வேண்டியது, குழாய்க்காரர் நம்பர், அவர் மாத்திரை எந்த டப்பாவில் என்பது, போன வருடத்தது, அதற்கு முந்திய வருடத்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, நின்ற இடத்திலேயே நின்று படித்தார். எல்லாவற்றையும் அடிவரைக்கும் படித்தார். அவருக்கு அழுகை வந்தது. அழட்டும், தப்பில்லை.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். பஸ் இரைச்சல்.

"ஆட்சேபம் பதினேழை ஏத்துக்கிட்டோம்" என்றார். மனிதருக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

"அப்படியா? எல்லாருக்கும் மார்க் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு. ரெண்டு கேள்விக்கும்."

"சந்தோஷம். பசங்களுக்காவது பிரயோஜனமா இருக்கட்டும்."

பஸ் எதையோ தாண்டிக் குலுங்கும் சத்தம் கேட்டது. அவர் குளியலறைப் பக்கம் திரும்பி வாளியைப் பார்த்தார்.

"நான் வரட்டுமா?" என்றார்.

"இது எந்த வகைங்க? அனுதாபமா, என்னை இணங்க வைக்கிறதா?"

"தெரியல. கேக்குறேன், அவ்வளவுதான்."

"சரி, கேட்டது காதுல விழுந்துச்சு" என்றாள். "இது முதல் தடவை. இன்னும் ரெண்டு தடவை இருக்கு."

போனை வைத்துவிட்டாள்.